கேட்காத கிற்றார்

நிக்சன்,

நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார். அவருடைய சமையலறை மேசையில், மடித்த துணிகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நேரில் கதைக்கத் தொடங்கினால் நீ "ஓமம்மா, ஓமம்மா" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைப் போட ஆரம்பித்துவிடுவாய். நான் இரண்டாவது விஷயத்துக்கு வருமுன் படிக்கட்டில் உன் கால் சத்தம் கேட்கும். கடிதம் என்றால் சட்டைப்பையில் கூடவே வரும். உன் தமிழ் வாசிப்பு மெதுவானது என்பதும் எனக்கு வசதி. அம்மா சொல்வதைக் கடைசியில் ஒருமுறையாவது அவசரப்படாமல் கேட்பாய்.

திங்கட்கிழமை நீ ஹோட்டலில் வேலைக்குக் கையெழுத்துப் போடவேண்டும். புதன்கிழமை பலெர்மோவிலிருந்து நாப்போலிக்குப் போகும் கப்பலில் ஏறினால்தான் மிலானில் அந்த ஒலிப்பதிவுக்காரர் மறுபடி வரச் சொன்ன நாளுக்குப் போய்ச் சேரலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும். ஹோட்டல் நிரந்தர வேலை, அதைக் காட்டி பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம், இந்த நாட்டில் இருப்பதற்கான கடதாசி கையில் இருந்தால்தான் மனிதன் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்கிறார் அப்பா. மிலான்காரர் எழுதித் தரும் ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான். அதற்குப் பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது. நீ ஹோட்டலுக்கே போவதாகச் சொல்லிவிட்டாய். கடதாசிக்குப் பயந்து அப்படிச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நீ மிலானில் பட்ட அவமானத்துக்காக ஹோட்டலுக்குப் போகிறாய். அதுதான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அந்த அவமானத்தில் பாதி நான் செய்து தந்தது.

அன்று நீ மிலானிலிருந்து திரும்பி வந்து, கிற்றார்ப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே காலால் தள்ளிவிட்டு, நான் போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடியாமல் வைத்துக்கொண்டு இருந்தாய்.

"அம்மா, அவங்களுக்குக் கிற்றார் வாசிக்கிறவன் தேவையில்லை. கதவு தட்டுறவன்தான் தேவை."

"என்னடா சொல்லுறாய்?"

"பாட்டு முழுக்க எனக்கு ஒரே அடி. நாலு எண்ணிக்கையிலை ரெண்டாவதுக்கு ஒண்டு, நாலாவதுக்கு ஒண்டு. டக், டக். நடுவிலை நான் ஒரு சின்ன ஓட்டம் போட்டன். கண்ணாடிக்கு அங்காலை இருந்து 'மேனோ' எண்டுறான். குறைக்கட்டாம். மற்றத்தரமும் போட்டன். 'மேனோ, மேனோ.' கடைசியிலை, நீ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா எண்டான். குடிச்சிட்டு வந்து பாக்கிறன், தலை நரைச்ச ஒராள் என்ர கதிரையிலை இருக்கிறார். டக், டக். ஒரே தரத்திலை முடிச்சுப்போட்டார்."

மேசையின் மறுபக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். "தட்டுறதுக்கோ அங்கை சம்பளம் குடுக்கிறாங்கள்? அப்பிடியெண்டால் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமேடா" என்று சொல்லிச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஏனென்றால் நீ அந்தக் கப்பலில் ஏறிய நாளில், துறைமுகத்தில் உன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அங்கை போய் ஒண்டையும் மிச்சம் வைக்காதை, ராசா. உன்ர கெட்டித்தனம் முழுக்கக் காட்டிப்போட்டு வா." அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே கூடாத ஓர் ஆள் இந்தப் பலெர்மோவில் உண்டென்றால் அது நான்தான். உன்னை எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் நான் இருந்திருக்கிறேன். தெரிந்தும் சொன்னேன். என் விரல்களிலிருந்து வந்த விரல்கள் ஒரு தடவையாவது ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்ற ஆசை. அது உன் பயணம், என் ஆசையை அதில் ஏற்றி அனுப்பியிருக்கக் கூடாது.

நான் கொழும்பில் கிற்றார் வாசித்த கதை உனக்குத் தெரியும். ஆனால் அப்பா சொல்லும் பகிடியாகத்தான் தெரியும். நானே அதை ஒழுங்காகச் சொன்னதில்லை. அறுபதுகளின் கடைசி. நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் இருந்தேன். கோவில் பாட்டுகளுக்குள் கிற்றார் புதிதாக நுழைந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் பாடற்குழுவில் வாசித்துப் பழகிய மரக் கிற்றார்தான் எனக்குத் தெரிந்தது. என் அறைத்தோழி ஒரு பறங்கிப் பெண். அவளுடைய அண்ணன் லயனல், மெல்லிசைத் தட்டுகளுக்கு ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கிற்றார்க்காரனுக்கு அம்மை போட்டுவிட்டது. தங்கை சொல்லி என்னைத் தேடி வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்த என் அம்மாவுக்கு, தட்டச்சு வகுப்புக்குப் போவதாக எழுதிவிட்டு நான் போனேன்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று பெரிதாக நினைத்துவிடாதே. ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் ஒரு அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே பதிவு செய்ய முடியாது. அதனால் ஞாயிறுகளிலும் அச்சகத்துக்காரர் சாப்பிடப் போகும் நேரத்திலும்தான் வேலை. பாடகர், வயலின்காரர், ட்ரம்ஸ் எல்லாரும் அந்த ஒரே அறையில். ஒருவர் பிழைவிட்டால் எல்லாரும் முதலிலிருந்து. மின்சாரக் கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை அறைக்குள் வைத்தால் அதன் சத்தம் பாடகரின் மைக்குக்குள் புகுந்துவிடும் என்று, அதைக் குளியலறைக்குள் வைத்து, முன்னால் ஒரு மைக்கையும் வைத்து, கதவைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயை அடைத்தார்கள். நான் இங்கே கம்பியைத் தட்ட, சத்தம் குளியலறைக்குள் பிறந்து அப்படியே ஒலிநாடாவுக்குப் போனது. என் கிற்றார் என் காதுக்கு வரவே இல்லை. கம்பிகளுக்குக் கீழே என் கைக்குட்டையை மடித்துச் செருகினான் லயனல், ஓசை நீளாமல் இருக்கட்டும் என்று.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே, எப்பிடி வாசிக்கிறது?" என்றேன்.

"தங்கச்சி, நீங்க பாட்டைக் கேக்க வேணாம். என்ட கையைப் பாருங்க. குச்சி விழுற நேரம் நீங்களும் விழுங்க."

"நான் பிழைவிட்டால்?"

"நான் விட்டா நீங்களும் விடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பிழைவிட்டா அது பிழையில்ல."

அவ்வளவுதான் என் வேலை. ரெண்டாவதுக்கு ஒன்று, நாலாவதுக்கு ஒன்று. நீ அவமானமென்று நினைத்தாயே, அதே டக், டக். குச்சிக்கு ஒரு மயிரிழை முந்தினால் இரண்டு பேர் அடிப்பதுபோல் இருக்கும். பிந்தினால் தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும். சரியாகச் சேர்ந்து விழுந்தால் கிற்றார் மறைந்துவிடும். ட்ரம்ஸின் சத்தம் மட்டும் பெருத்து, உள்ளே இரும்பு வைத்ததுபோல், நெஞ்சில் வந்து இடிக்கும். பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போனேன். அந்தக் காலத்தில் எங்கும் இப்படித்தான் நடந்தது. தட்டின் அட்டையில் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு சிரித்த பெடியன்கள் பலர் அந்தத் தட்டில் வாசித்தவர்களே இல்லை. உள்ளே வாசித்தவர்கள் வேலைமுறைக்கு வந்து, வாசித்து, கிற்றாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனார்கள். உன்னை மிலானில் கூப்பிடும் அந்த 'துர்னிஸ்தா' என்ற பெயரும் வேலைமுறைக்கு வருகிறவன் என்பதுதானே. நானும் பேருந்தில்தான் போனேன், ஆறு மணிக்குள் விடுதிக் கதவு சாத்திவிடும் என்ற பதற்றத்தோடு.

எங்களுக்குக் கலியாணமான புதிதில் ஒருநாள் அந்தத் தட்டுகளில் ஒன்று வானொலியில் போனது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து சத்தத்தைக் கூட்டி, "இதிலை நான் வாசிச்சனான்" என்றேன். அப்பா வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பாட்டு முடியும்வரை காதை எடுக்கவில்லை.

"பாடுறவர் கேக்குது. வயலின் கேக்குது. ட்ரம் கேக்குது. உம்மட கிற்றார் எங்கையப்பா?"

"ட்ரம்முக்குள்ளை."

"ட்ரம்முக்குள்ளை ஒளிச்சிருந்தோ வாசிச்சனீர்?"

அன்றோடு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. திறப்பைக் காணவில்லை என்றால், "அது கொம்மான்ர கிற்றாரோடை போயிருக்கும்." குடையைக் காணவில்லை, அதுவும் கிற்றாரோடு. நீ இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டு, "அம்மா, அதுவும் உங்கட கிற்றாரோடை போயிட்டுது" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்து, நானே அதைப் பகிடியாக நம்பத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஊரைவிட்டு வந்தோம், இங்கே பிறத்தியார் வீட்டுத் தரையைத் துடைத்தேன், பட்டச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் கிடந்தது, கொழும்பு மேல்மாடி வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஆகிவிட்டது. நீ தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பழைய மின்சாரக் கிற்றாரைப் பார்த்தபோதுகூட நான் "பாடத்தையும் பார்" என்றுதான் சொன்னேன். நீ முதன்முதலில் வாசித்ததும் அறுபதுகளின் இத்தாலியப் பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டில் எங்கே தட்டவேண்டும் என்று என் வலது மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. சோற்றுப் பானையை இறக்கிக் கஞ்சி வடித்தேன்.

இனி, போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் உனக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

மன்னார் சூசை அண்ணையின் மகளுடைய கலியாணம். போர்கோ வெக்கியோப் பகுதியில் கோவிலுக்குப் பின்பக்க மண்டபம். வழக்கமாக ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பிட வருகிறவர்களுக்குப் பழைய பாட்டு வாசிக்கிற உன் குழுவை, சூசை அண்ணை பிடிவாதமாக வரவழைத்திருந்தார். ஆனால் உங்கள் இரண்டாவது கிற்றார்க்காரன் தொத்தோவை அந்த வாரம்தான் கட்டாய இராணுவச் சேவைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அவனுடைய கிற்றாரும் ஒலிபெருக்கியும் மட்டும் மண்டபத்து மூலையில் இருந்தன. "அவன் சும்மா பின்னாலை தட்டிக்கொண்டு நிக்கிறவன்தானே, அவன் இல்லாமல் சமாளிப்பம்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. நான் பொரித்த ரோல்ஸ் தட்டோடு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு போனது. நீ வாசித்தது நன்றாகத்தான் இருந்தது, மிக நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். சனம் கைதட்டியது. ஆனால் ஒருத்தரும் கதிரையைவிட்டு எழும்பவில்லை. இரண்டாவது பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் மட்டும் வழுக்கி விளையாடினார்கள். சூசை அண்ணை எழும்பி இரண்டு அடி ஆடிப் பார்த்துவிட்டு, சோறு பார்க்கப் போகிறவர்போல உள்ளே போய்விட்டார். நீ இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக வாசித்தாய். பாவம், மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் தனியாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன குறைகிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சோற்றில் உப்பில்லை என்பது தெரிவதுபோல நாக்கிலேயே தெரிந்தது.

தட்டை ஜன்னலோரம் வைத்தேன். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். உன் பக்கத்துப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பியர்ப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. தொத்தோவின் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அந்தப் பெட்டியில் இருந்துகொண்டு அவனுடைய கிற்றாரை மடியில் எடுத்தேன். கைக்குட்டையை மடித்துக் கம்பிகளுக்குக் கீழே செருகினேன். அங்கிருந்து பார்த்தால் உன் முதுகின் ஒரு துண்டும் சால்வோவின் ட்ரம்ஸும்தான் தெரியும். சால்வோ என்னைக் கண்டு வாயைப் பிளந்தான். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அவனுடைய மணிக்கட்டைப் பார்த்தேன். நீங்கள் பாட்டுகளை நிறுத்தாமல் ஒன்றோடு ஒன்று கோத்து வாசிக்கும் அந்த நீளமான தொடரை நீ தொடங்கினாய். குச்சி விழுந்தது. நானும் விழுந்தேன்.

எனக்கு அங்கே ஒரு குளியலறைக் கதவு இல்லை, மகனே. பக்கத்திலேயே ஒலிபெருக்கி. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தட்டும் மின்சாரக் கிற்றார் என் காதில் விழுந்தது. ஒரு கணம்தான். இரண்டாவது அடியில் அது சால்வோவின் சத்தத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் பிந்திவிடும். பத்துப் பதினைந்து அடிக்குள் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கால்களின் சத்தம். அந்தப் பெட்டி இடுக்கால் பார்க்கிறேன், கோவில் மேசைக்குப் பூ வைக்கிற ரீட்டா அக்காகூடச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அப்பா சூசை அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஒழுக, எப்போது இப்படி ஆடினாரென்று எனக்கு ஞாபகமில்லாதபடி ஆடுகிறார். சால்வோ பற்களெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் சமையலறை வாசலில் நின்று மணப்பெண்ணின் தாய், கேக் வெட்ட ஆளைக் காணவில்லை என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கையை நிறுத்தினேன். நீங்கள் எல்லாரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஆனால் கூடாரத்தின் நடுக்கம்பைப் பிடுங்கியதுபோல் மண்டபம் தொய்ந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ மறந்தவர்கள்போல வேகம் குறைந்தார்கள். நீ சால்வோவைத் திரும்பிப் பார்த்து முறைத்தாய். அவன் தோளைக் குலுக்கினான். அந்த நேரத்தில் அப்பாவின் குரல் மண்டபத்தின் நடுவிலிருந்து எழும்பியது.

"ஆரடா நிப்பாட்டினது? நிப்பாட்டாதையுங்கோடா!"

அப்பா குடித்துவிட்டுக் கத்துகிறார் என்று நீ நினைத்தாய், எனக்குத் தெரியும். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எது நின்றது என்று தேடிக்கொண்டு, திறப்பைத் தேடுகிறவர்போல, பெட்டிக்குப் பின்னால் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பியர்ப் பெட்டியில் நான், மடியில் கிற்றார், கையில் ரோல்ஸ் எண்ணெய்.

"நீரோ?"

"நான்தான்."

"இதுவோ அது?"

"இதுதான். சும்மா டக், டக்."

நாங்கள் இரண்டு பேரும் எத்தனை வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறோம். அவர் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நிப்பாட்டாதையும்" என்றார். நான் மறுபடி தட்டத் தொடங்கினேன். கேக்கை அவரே போய் வெட்டினார். எல்லாத் துண்டும் கோணல். அதைப் பற்றித்தான் மன்னார்ப் பெண்கள் இன்னும் கதைக்கிறார்கள்.

தொடர் முடிந்து நீ திரும்புமுன் நான் எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்னாய், "சால்வோ இண்டைக்கு நல்லா அடிச்சான், மா. நடுவிலைதான் கொஞ்சம் விட்டிட்டான்." அப்பா என்னைப் பார்த்தார், நான் வீதியைப் பார்த்தேன். சால்வோ இப்போது என்னைச் சந்தையில் கண்டால் "கொல்லேகா!" என்று கூப்பிடுகிறான். தன்னோடு வேலை செய்கிறவள் என்று. நீ ஏனென்று கேட்டாய். இதுதான் ஏன்.

உனக்குத் தெரியாமலே உன் காது என்னைப் பாராட்டிவிட்டது. உன்னால் எங்கே என்று சொல்ல முடியவில்லை, ஆனால் நின்றபோது கண்டுபிடித்தாய், முறைத்தாய். மிலானில் அந்த நரைத்த மனிதர் செய்ததும் அதுதான். அவர் உன்னைவிடக் கெட்டிக்காரர் என்று நான் சொல்லவில்லை. உன் ஓட்டங்களை அவரால் வாசிக்க முடியாமலும் இருக்கலாம். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு மற்றவனுடைய மணிக்கட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். போன கிழமை அந்த ஒலிப்பதிவுக்காரர் மறுபடி கூப்பிட்டபோது தொலைபேசியை முதலில் எடுத்தது நான். அறுபதுகளின் பாட்டுகளை அந்தக் காலத்து முறையிலேயே, எல்லாரும் ஒரே அறையில் இருந்து, பழைய கிற்றார்களில் திரும்பப் பதியப் போகிறார்களாம். "சின்யோரா, உங்கள் மகனுடைய கையில் தாளம் சரியாக நிற்கிறது. கைக்கு வாய்தான் கொஞ்சம் அதிகம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் அனுப்பிய வாய் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்றை நீ பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதே பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் வரிசையில் விடியற்காலை நிற்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் நம்மைத் தாண்டிப் பார்க்கிறானே, அதுவும் கண்ணில் படாததுதான். இந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது நான் கோப்பித் தட்டோடு நடுவில் நிற்க, எனக்கு மேலால் கதைக்கிறார்களே, அதுவும்தான். அதற்கு நீ ஒருநாளும் பழகாதே. அங்கே உன்னை இல்லாமல் செய்கிறார்கள். பியர்ப் பெட்டியில் இருந்தபோது நான் இல்லாமல் போகவில்லை. சால்வோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மண்டபம் முழுவதும் எங்கள் இரண்டு பேரின் கையில் நின்றது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உன் உடம்புக்கே தெரியும். தெரியாமல் குழம்பினால் அந்த அறையில் யாராவது உன் கையைப் பார்க்கிறார்களா என்று பார். பார்த்தால் இரு. பார்க்காவிட்டால் வெளிக்கிட்டு வந்துவிடு. ஹோட்டல்கள் பலெர்மோவில் குறைவில்லை. வேலை முடிந்ததும் உன் பெயரை அட்டையில் போடச் சொல்லிக் கேள். நான் கேட்கவில்லை. பொம்பிளைப் பிள்ளையின் பெயர், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். உனக்கு அந்தப் பயம் வேண்டாம். சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழையில்லாமல் போடச் சொல்லு.

கலியாணம், சம்பாத்தியம், தனியாக ஒரு ஊரில் இருப்பது என்று தாய்மார் எழுதும் புத்திமதியெல்லாம் நானும் எழுதலாம். எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். நாளைக்கு உன் வாழ்க்கையில் ஒருத்தி வந்தாலும், அவள் கதைக்கும்போது நீ உன் அடுத்த ஓட்டத்தை யோசித்துக்கொண்டிராதே. அவளுடைய மணிக்கட்டைப் பார். இரண்டு பேரும் சேர்ந்து பிழைவிட்டால் அது பெரிய பிழையில்லை. லயனல் சொன்னது கலியாணத்துக்கும் சரியாகத்தான் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அப்பா பகேரியா வில்லாவில் தோட்ட வேலை முடித்து ரயிலில் வந்தார். நீ வெளியே போயிருந்தாய். சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக் கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்.

"இஞ்சேரும், அவன் அங்கை வாசிச்சால் அந்தக் கசெற் இஞ்சை கடையளிலை வருமோ?"

"வரும்."

"அதிலை அவன்ர பேர் இருக்குமோ?"

"கேட்டால் போடுவினம். போடாமலும் விடுவினம்."

"பேர் என்னத்துக்கு? எனக்கு இப்ப காது பிடிபட்டிட்டுது. நான் கண்டுபிடிப்பன்."

"அப்ப ஹோட்டல்?"

"ஹோட்டல் எங்கையும் ஓடாது. கட்டிடமெல்லோ" என்றார்.

பிறகு எழும்பிப்போய் நம்முடைய கசெற் பெட்டியைத் திறந்து, பஞ்சில் ஒடிக்கொலோன் தோய்த்து, உள்ளே நாடா உரசிப் போகும் அந்தச் சின்ன உலோக முனையைத் துடைக்கத் தொடங்கினார். நீ இன்னும் கப்பலுக்கே சீட்டு எடுக்கவில்லை. அந்தப் பாட்டு இன்னும் பதியப்படவே இல்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்தார். காணாமற்போன எதையும் இப்போதெல்லாம் அவர் என் கிற்றாரோடு அனுப்புவதில்லை என்பதையும் கவனித்தேன்.

திங்களா, புதனா என்பதை நீயே சொல். அவமானத்தை மட்டும் கணக்கில் எடுக்காதே, அதை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். புதன் என்றால் உன் கிற்றார்ப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருக்கிறேன், தோய்த்து இஸ்திரி போட்டது. கொஞ்சம் எண்ணெய்க் கறை போகவில்லை. அதைக் கம்பிக்குக் கீழே செருகு.

சின்யோரா எழும்பிவிட்டார், கோப்பி கேட்பார். கடைசியாக ஒன்று. நீ சரியாக வாசித்தால் அப்பாவால் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. அதை நான் அவருக்குச் சொல்லப் போவதில்லை. பாட்டு முடிய முடிய நாடாவைச் சுற்றி, காதை ஒட்டி வைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அம்மா